மாமல்லபுரம் கடற்கரையும் கடல் உயிரிகளில் மருந்துப்பொருள் தேடலும்

கடலில் வாழும் பாசி, கடற்பஞ்சு, நத்தை, நுண்ணுயிர் போன்றவை தம் உடலில் உண்டாக்கும் சில வேதிப்பொருள்கள் பிற உயிர்களின் உடலில் குறிப்பிட்ட விளைவை ஏற்படுத்துகின்றன. சில வலியை அடக்குகின்றன; சில புற்றுநோய்ச் செல்கள் பெருகுவதைத் தடுக்கின்றன; சில நுண்ணுயிர்களைக் கொல்கின்றன. இவற்றை உயிரியல் செயல்திறன் கொண்ட இயற்கைச் சேர்மங்கள் என்பர். இவற்றைத் தேடிக் கண்டறியும் துறை உலக அளவில் ஏறத்தாழ 75 ஆண்டு வரலாறு உடையது.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கரையில் பாசிகளை அடையாளம் கண்டு பதிவு செய்த பணி 1940-களிலேயே நடந்தது. வங்காள விரிகுடாவில் வாழும் ஒரு நத்தையின் நஞ்சிலிருந்து 2003-இல் இந்திய அறிவியலாளர்கள் ஒரு புதிய பெப்டைடை விவரித்தனர். உயிரிக்குப் பெயர் சொல்லும் பணியும் அதன் வேதிப்பொருளைப் பிரிக்கும் பணியும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அறிஞர்களால் செய்யப்பட்டவை. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது நிலைக்காது என்பதை இத்துறையின் வரலாறு காட்டுகிறது.

மணல் கரையில் ஒரு பாறைத் திட்டு

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என நீளும் கரை பெரும்பாலும் மணற்பாங்கானது. அலையால் ஓயாமல் புரளும் மணலில் பாசியோ கடற்பஞ்சோ ஒட்டி வளர முடியாது. அவற்றுக்கு அசையாத பிடிமானம் தேவை. மாமல்லபுரத்தில் பல்லவர் காலச் சிற்பிகளுக்குக் கிடைத்த அதே கடினப் பாறைகள் கடலுக்குள்ளும் நீண்டிருக்கின்றன. கடற்கரைக் கோயிலை ஒட்டி அலை மோதும் பாறைகளை இன்றும் காணலாம். அலை ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளிப்படும் இந்தப் பாறைகளே இக்கரையில் ஒட்டி வாழும் உயிரிகளின் குடியிருப்பு.

இத்தகைய இடத்தில் வாழ்வது எளிதன்று. ஒரு நாளில் சில மணி நேரம் கடும் வெயிலும் வறட்சியும், சில மணி நேரம் அலையின் அடியும் தாங்க வேண்டும். இடத்துக்காகப் பக்கத்து உயிரியோடு போட்டி வேறு. ஓடி ஒளிய முடியாத உயிரிக்கு வேதிப்பொருளே கேடயமும் ஆயுதமும் ஆகிறது. தன்னைத் தின்ன வரும் மீனுக்குக் கசக்கும் பொருள், தன்மேல் படிய வரும் நுண்ணுயிரைத் தடுக்கும் பொருள், பக்கத்தில் வளரும் உயிரியைத் தள்ளி நிறுத்தும் பொருள் எனப் பலவற்றை அது உண்டாக்கிக்கொள்கிறது. கடலில் மருந்துப்பொருள் தேடுவோர் ஒட்டி வாழும் உயிரிகளையும் மெதுவாக நகரும் உயிரிகளையும் முதலில் நாடுவதற்கு இதுவே காரணம்.

பாசிகளுக்குப் பெயர் தந்த காலம்

இந்தியாவில் கடற்பாசிகளை முறையாக ஆராயும் மரபு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் வேரூன்றியது. அதற்கு வழிகாட்டியவர் பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963). இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் இவர், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பாசிகளைப் பற்றி 1927-இல் எழுதினார்.

ஐயங்காரைச் சிறப்பிக்க 1946-இல் ஒரு நினைவு மலர் வெளிவந்தது. அதில் கே. எஸ். சீனிவாசன் எழுதிய ஒரு கட்டுரை மாமல்லபுரத்தைப் பற்றியது. அங்குள்ள கடற்பாசிகளின் சூழலியலும், பருவத்துக்குப் பருவம் ஒரு பாசி மறைந்து மற்றொரு பாசி தலையெடுக்கும் வரிசையுமே அதன் பொருள். மாமல்லபுரத்துக்கு ஐரோப்பிய மாலுமிகள் வழங்கிய 'ஏழு கோயில்கள்' என்னும் பழம்பெயரும் அக்கட்டுரைத் தலைப்பில் இடம்பெற்றிருந்தது. அப்போது இவ்வூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. இடையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்திருந்து, 2019 நவம்பரில் புதிய செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது மீண்டும் அதன் பகுதியாயிற்று.

1946-ஆம் ஆண்டுக் கட்டுரை மருந்தைப் பற்றியதன்று. ஆனால் மருந்துப்பொருள் தேடுவோருக்கு அத்தகைய பதிவு இன்றியமையாதது. ஒரு பாசியின் வேதிப்பொருள் அளவு ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. வெயில், நீரின் உப்புத்தன்மை, இனப்பெருக்கப் பருவம் ஆகியவற்றுக்கேற்ப அது கூடும், குறையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் கலந்து கடலோர உப்புத்தன்மை குறையும்போது பாறைகளின் தோற்றமே மாறிவிடும். எந்தப் பாசி, எந்தப் பாறையில், எந்த மாதத்தில் என்ற மூன்றும் தெரியாவிட்டால், ஒருமுறை கண்ட பொருளை மறுமுறை காண இயலாது.

அக்காலத்தில் கடற்பாசியின் பயனாக அறியப்பட்டது பெரும்பாலும் அகர் என்னும் கூழ்ப்பொருளே. இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகின் அகர் தேவையைப் பெருமளவு நிறைவு செய்தது ஜப்பான். போரினால் அந்த வரத்து நின்றபோது, நுண்ணுயிர் ஆய்வகங்கள் மாற்று வழி தேடின. இந்தியப் பாசிகளின் மேல் கவனம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னாளில் மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுப்பது மீனவப் பெண்களின் பிழைப்பாகவே வளர்ந்தது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் வழங்கும் பெயர்களுக்குப் பின்னால் தனித்தனிப் பயன்கள் உள்ளன. முதல் இரண்டும் அகருக்கு, மூன்றாவது ஆல்ஜினேட்டுக்கு.

உலகில் தேடல் தொடங்கிய விதம்

1945-இல் அமெரிக்க வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன் புளோரிடா கடலில் ஒரு கடற்பஞ்சைச் சேகரித்தார். அதிலிருந்து அவரும் ராபர்ட் ஃபீனியும் பிரித்தெடுத்த பொருள்கள் மரபணுவின் கட்டுமானப் பொருள்களை ஒத்திருந்தன. ஒரே ஒரு வேறுபாடு இருந்தது. வழக்கமான ரைபோஸ் வகைச் சர்க்கரைக்குப் பதிலாக அவற்றில் அராபினோஸ் என்னும் சர்க்கரை இருந்தது. செல் பெருகும்போது இத்தகைய போலிக் கட்டுமானப் பொருள் உள்ளே நுழைந்தால் மரபணு நகலெடுப்பு தடைப்படும். இந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டு வேதியியலாளர்கள் தயாரித்த சைட்டராபின் 1969-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கடுமையான இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் இன்றும் அது முக்கிய மருந்து.

அதே 1945-இல் இத்தாலியின் சார்டினியா தீவில் ஜூசெப்பே புரோட்சு என்ற மருத்துவப் பேராசிரியர், கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அது பல பாக்டீரியாக்களைத் தடுத்தது. இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் செஃபாலெக்சின், மருத்துவமனைகளில் ஊசி வழி செலுத்தும் செஃப்ட்ரியாக்சோன் உள்ளிட்ட செஃபலோஸ்போரின் குடும்பத்தின் மூலம் அந்தப் பூஞ்சையே.

இத்துறையின் பெரிய தடை பொருளின் அளவு. ஜப்பானில் ஹிராட்டா, உவெமுரா இருவரும் 1986-இல் விவரித்த ஹாலிகாண்ட்ரின் பி என்ற சேர்மம் இதற்கு எடுத்துக்காட்டு. 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 12.5 மில்லிகிராம் மட்டுமே. ஒரு சிட்டிகை உப்பை விடவும் மிகக் குறைவு. அந்த மூலக்கூற்றின் தேவையான பகுதியை மட்டும் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய பிறகே எரிபுலின் என்னும் மருந்து 2010-இல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது. கடலிலிருந்து அள்ளி அள்ளி மருந்து செய்ய முடியாது. கடல் தருவது மூலக்கூற்றின் வடிவம் என்ற அறிவையே.

இந்திய முயற்சிகள்

இந்தியாவில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து, 1980-களின் தொடக்கத்தில் இந்தியக் கரையோரக் கடல் தாவரங்களின் சாறுகளை வரிசையாகச் சோதித்து முடிவுகளை வெளியிட்டன. பின்னர், கடலிலிருந்து மருந்து காணும் தேசியத் திட்டம் ஒன்று மத்திய அரசின் கடல் வளர்ச்சித் துறையின் ஆதரவில் நடைபெற்றது. லக்னோ நிறுவனம் அதில் முன்னின்றது.

தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் கடல் உயிரினங்களையும் சதுப்புநிலக் காடுகளையும் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம் உள்ளது. செங்கல்பட்டு மாவட்டக் கரையில் முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் சோதனை நிலையம் இயங்குகிறது. அதன் வேலை இறால், மீன் வளர்ப்பு சார்ந்தது. 1947-இல் சென்னையில் தொடங்கி, மண்டபத்துக்கும் பின் கொச்சிக்கும் இடம் மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பச்சை நிறச் சிப்பியிலிருந்தும் பாசிகளிலிருந்தும் 'கடல்மின்' என்னும் பெயரில் மூட்டுவலி போன்றவற்றுக்கான ஊட்டப்பொருள்களை உருவாக்கியது. இவை ஊட்டப்பொருள் வகையைச் சேர்ந்தவை. மருத்துவச் சோதனைக் கட்டங்களைக் கடந்த மருந்துகளிலிருந்து வேறுபட்டவை. மாணவர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

கூம்பு நத்தை

மாமல்லபுரத்துச் சங்கு, சிப்பிக் கடைகளுக்குப் போகும் பயணிகள் கூம்பு வடிவிலான, அழகிய கோலங்கள் கொண்ட ஓடுகளைப் பார்த்திருப்பர். கூம்பு நத்தைகள் எனப்படும் இவை கோனஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. கடைக்கு வரும் ஓடு அலங்காரப் பொருள். ஆனால் அதற்குள் வாழ்ந்த நத்தை கடலின் தேர்ந்த வேட்டைக்காரன்.

நத்தை மெதுவாக நகர்வது. அதன் இரையோ புழு, வேறு நத்தை, சில இனங்களில் மீன். துரத்திப் பிடிக்க முடியாத உயிரி, ஒரே குத்தில் இரையைச் செயலிழக்கச் செய்தாக வேண்டும். அதற்காக அதன் வாயில் ஈட்டி போன்ற உள்ளீடற்ற பல் ஒன்று உண்டு. அதன் வழியே நஞ்சு பாய்கிறது. ஒரே இனத்தின் நஞ்சில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பெப்டைடுகள் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் நரம்பின் ஒரு குறிப்பிட்ட வாயிலைக் குறிவைக்கிறது. மீனைத் தின்னும் கோனஸ் ஜியோகிராஃபஸ் இனத்தின் குத்து மனிதர் உயிரையும் பறிக்கும். ரும்பியஸ் என்னும் இயற்கையியலாளரின் 1705-இல் வெளியான நூலிலேயே இத்தகைய மரணம் ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. எனவே கரையில் உயிருள்ள கூம்பு நத்தையைக் கண்டால் கையில் எடுக்கக் கூடாது.

இந்த நஞ்சை மருந்தாக நோக்கியவர் பிலிப்பைன்ஸ் நாட்டவரான பால்டோமெரோ ஒலிவெரா. 1970 வாக்கில் தம் நாட்டுக்குத் திரும்பிய அவருக்கு விலை மிகுந்த கருவிகள் கிடைக்கவில்லை. கையில் எளிதாகக் கிடைத்தது உள்ளூர்க் கடல் நத்தை. லூர்து குரூஸ் என்ற அறிவியலாளருடன் அதன் நஞ்சை ஆராயத் தொடங்கினார். பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பணி தொடர்ந்தபோது, மைக்கேல் மக்கின்டாஷ் என்ற இளம் மாணவர் கோனஸ் மேகஸ் நத்தையிலிருந்து ஒரு பெப்டைடைப் பிரித்தார். 25 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் செயற்கை வடிவமே சிக்கோனோடைடு. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்தப்படும் இந்த வலிநிவாரணி 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மார்ஃபினைப் போல் அல்லாமல், வலிச் செய்தியைக் கடத்தும் நரம்பு முனையின் கால்சியம் வாயிலை இது அடைக்கிறது.

வங்காள விரிகுடாவிலிருந்து ஒரு பெப்டைடு

இந்தியாவில் இப்பணியை முன்னெடுத்தவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நரம்பியல் ஆய்வாளர் கே. எஸ். கிருஷ்ணன். ராமனுடன் பணியாற்றிய இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் வேறு, இவர் வேறு. பழ ஈக்களின் நரம்புச் செயல்பாட்டை ஆராய்ந்து பெயர் பெற்றவர் இவர். மற்றவர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பி. பலராம். பெப்டைடுகளின் வடிவம் பற்றிய ஆய்வில் வல்லவர். 2005 முதல் 2014 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். பலராம் பணியாற்றிய மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவியவர் ஜி. என். இராமச்சந்திரன். புரத வடிவங்களைக் கணிக்கும் இராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவானது என்பதை நினைவுகூர்ந்தால், நத்தை நஞ்சு ஆய்வுக்கான அறிவு மரபின் ஒரு வேர் சென்னையிலேயே இருப்பது தெரியும்.

இவர்கள் உள்ளிட்ட குழு 2003-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. வங்காள விரிகுடாவில் வாழும், பிற நத்தைகளை உண்ணும் கோனஸ் அமாடிஸ் இனத்தின் நஞ்சில் கிடைத்த ஒரு பெப்டைடைப் பற்றியது அது. அதற்கு 'ஏஎம் 2766' என்று பெயரிட்டனர். முதல் இரண்டு எழுத்துகள் அமாடிஸ் என்ற இனப்பெயரிலிருந்து வந்தவை. 2766 என்பது அம்மூலக்கூற்றின் நிறை. 26 அமினோ அமிலங்களும் மூன்று கந்தகப் பாலங்களும் கொண்ட இது, நரம்பின் சோடியம் வாயில் உரிய நேரத்தில் மூடிக்கொள்வதைத் தடுக்கிறது. மூடாத வாயில் நரம்பை ஓயாமல் தூண்டும்; இரை நிலைகுலையும்.

அடுத்த ஆண்டு, 2004-இல், கோனஸ் மொனிலே என்ற புழு தின்னும் நத்தையிலிருந்து 'எம்ஓ 1659' விவரிக்கப்பட்டது. இதில் 13 அமினோ அமிலங்களே உள்ளன. கூம்பு நத்தைப் பெப்டைடுகளில் வழக்கமாகக் காணப்படும் கந்தகப் பாலம் இதில் ஒன்றுகூட இல்லை. இது பொட்டாசியம் வாயிலைக் குறிவைப்பது. இரண்டு பெயர்களிலும் முன்னால் நிற்பது நத்தையின் பெயர் என்பது கவனிக்கத்தக்கது. இனத்தைத் தவறாக அடையாளம் கண்டிருந்தால் அந்தப் பெயரும் தவறாகிவிடும். வேறொருவர் அதே பொருளைத் தேடி ஏமாறுவார்.

இந்தப் பெப்டைடுகள் மருந்தாகிக் கடைக்கு வந்துவிடவில்லை. நரம்பு வாயில்கள் எப்படித் திறந்து மூடுகின்றன என்பதை அறிய உதவும் நுண்கருவிகளாகவே அவற்றின் மதிப்பு உள்ளது. ஆனால் இந்தியக் கடலின் நத்தையில், இந்திய ஆய்வகங்களிலேயே, உயிரியின் பெயர் முதல் மூலக்கூற்றின் செயல் வரை முழுமையாக எட்டப்பட்ட நல்ல எடுத்துக்காட்டு இது.

வடநெம்மேலி தரும் பாடம்

நஞ்சிலிருந்து மருந்து என்ற கருத்து இக்கரைக்குப் புதிதன்று. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. ஒரு காலத்தில் பாம்புத் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் இருளர். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. 1978-இல் உருவான இச்சங்கம் அதே திறமையை வேறு வழியில் திருப்பியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சு பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குச் செல்கிறது.

கடல் உயிரி ஆய்வுக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, உயிரியைக் கொல்லாமலே பொருளைப் பெறும் வழி தேட வேண்டும். மற்றொன்று, உயிரியை எங்கே, எப்போது காணலாம் என்ற அறிவு ஆய்வகத்தில் பிறப்பதில்லை; அந்த இடத்தில் தலைமுறைகளாக வாழ்பவரிடம் இருக்கிறது. இழுவைமடியில் மீனோடு சேர்ந்து ஏறும் நத்தை, கடற்பஞ்சு, சங்கு ஆகியவற்றை முதலில் கையில் எடுத்துப் பார்ப்பவர் மீனவரே. வலையைக் கரையில் உதறி, விலை போகாதவற்றை ஒதுக்கும்போது ஆய்வாளர் தேடும் உயிரியும் அந்தக் கழிவுக் குவியலில்தான் கிடக்கும்.

சாற்றிலிருந்து சேர்மம் வரை

ஒரு கடல் உயிரியிலிருந்து புதிய சேர்மத்தைக் கண்டறியும் பணி பல படிகளைக் கொண்டது. முதலில் உயிரியைச் சேகரித்து, இடமும் நாளும் குறித்து, இனத்தை உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதிரியை அருங்காட்சியகத்திலோ துறைச் சேகரிப்பிலோ பாதுகாக்க வேண்டும். பிறகு மெத்தனால் போன்ற கரைப்பானில் சாறு எடுத்து, அது ஏதேனும் விளைவைத் தருகிறதா எனச் சோதிப்பர். விளைவு இருந்தால் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் விளைவு தங்கியிருக்கிறது என ஒவ்வொரு முறையும் சோதிப்பர். இறுதியில் தனிச் சேர்மம் கிடைத்ததும், நிறை நிறமாலை, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு போன்ற முறைகளால் அதன் வடிவத்தை அறிவர். அது ஏற்கெனவே அறியப்பட்ட பொருள்தானா என்றும் ஒப்பிட்டுப் பார்ப்பர்.

பல மாணவர் ஆய்வுகள் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுவதுண்டு. ஒரு பாசியின் சாறு சில பாக்டீரியாக்களைத் தடுத்தது என்பதோடு கட்டுரை முடியும். எந்தச் சேர்மம் தடுத்தது என்பது தெரியாது. இனப்பெயர் சரிபார்க்கப்படாமலும், சேகரித்த மாதம் குறிக்கப்படாமலும் இருந்தால் அதை மீண்டும் செய்து பார்க்கவும் வழியில்லை. சாறு என்பது நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அது காட்டும் விளைவு ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே. சோதனைத் தட்டில் பாக்டீரியாவைத் தடுப்பதும் மனித உடலில் நோயைத் தீர்ப்பதும் ஒன்றல்ல. இடையில் நச்சுத்தன்மைச் சோதனை, விலங்குச் சோதனை, மூன்று கட்ட மருத்துவச் சோதனை எனப் பல ஆண்டுகள் உள்ளன.

சட்டமும் பங்கும்

கடல் உயிரிகளைச் சேகரிப்பதற்கும் வரம்பு உண்டு. 2001-இல் இந்திய அரசு பவளங்கள், கடல் அட்டைகள் ஆகியவற்றுடன் சில நத்தை, சிப்பி இனங்களையும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. கூம்பு நத்தைகளில் கோனஸ் மில்னெட்வர்ட்சி என்ற அரிய இனமும் அவற்றில் ஒன்று.

2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் வேறொரு கேள்வியை எழுப்பியது: ஓர் உயிரியிலிருந்து வருவாய் வந்தால் அது யாருக்குச் சேர வேண்டும்? இச்சட்டத்தின்கீழ் 2003-இல் அமைந்த தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் தலைமையிடம் சென்னையிலேயே உள்ளது. இந்திய உயிரி வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற இவ்வாணையத்தின் ஒப்புதல் தேவை எனச் சட்டம் முதலில் வகுத்திருந்தது. பயனை உள்ளூர் மக்களுடன் பகிரவும் சட்டம் வழி செய்கிறது. இராமநாதபுரம் கரையில் வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் பாசியை ஏற்றுமதி செய்ததற்காக ஒரு நிறுவனம் ஆணையத்துக்குத் தொகை செலுத்தியது தமிழ்நாட்டில் அறியப்பட்ட முன்னுதாரணம். உலக அளவில் இதே நோக்கம் கொண்ட நகோயா உடன்படிக்கை 2010-இல் ஏற்கப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்தது.

ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் உயிரிப் பல்வகைமைப் பதிவேடு பேண வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் ஏற்பாடு. கடலோர ஊராட்சி ஒன்றில் மீனவர் வழங்கும் பெயரும், உயிரி கிடைக்கும் பருவமும், பயனும் அதில் எழுதப்பட்டால், பின்னாளில் யாரேனும் அதிலிருந்து ஒரு பொருளைக் கண்டறியும்போது அந்த ஊரின் உரிமைக்கு அது சான்றாக நிற்கும்.

இன்றைய நிலை

மாமல்லபுரம் கரை 1946-இல் இருந்தது போல இன்று இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையும் விடுதிகளும் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி கரையை மாற்றியது. அப்போது அலை மணலை அரித்துச் சென்றதால் பழைய கட்டடச் சுவடுகள் வெளிப்பட்டதும், சாலுவன்குப்பத்தில் செங்கற்கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டதும் செய்தியாயின. கல்லில் உள்ள வரலாற்றைத் தொல்லியல் துறை பதிவு செய்தது. அதே பாறைகளின் கடல் பக்கத்தில் ஒட்டி வாழும் உயிர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கடலில் கழிவு கலந்தாலோ, கரை அரித்தாலோ, பாறை மணலால் மூடப்பட்டாலோ முதலில் மறைபவை அவையே.

மறைந்த சிற்பத்தை அகழ்ந்து எடுக்கலாம். மறைந்த இனத்தை எடுக்க முடியாது. அதனுள் இருந்த சேர்மமும் அதனுடன் போய்விடும். ஆகவே கடலில் மருந்து தேடும் நாடு செய்யவேண்டிய முதல் வேலை விலை உயர்ந்த கருவி வாங்குவதன்று. பாறையில் என்ன வாழ்கிறது என்பதைப் பெயரோடும் மாதத்தோடும் எழுதிவைப்பதே. ஒரு தலைமுறையின் அத்தகைய குறிப்பு அடுத்த தலைமுறையின் ஆய்வுக்கு அடித்தளமாகும் என்பதற்கு மாமல்லபுரத்துப் பாசிகளைப் பற்றிய 1946-ஆம் ஆண்டுக் கட்டுரை சான்று. அதே பாறைகளில் இன்று எவை எஞ்சியுள்ளன, எவை மறைந்தன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது செங்கல்பட்டு மாவட்டக் கல்லூரி மாணவர் எவரும் நுண்ணோக்கியும் குறிப்பேடும் கொண்டே தொடங்கக்கூடிய பணியாகும்.